கௌதேரே சோதனை: லத்தீன் வேர் காட்டும் இணைய அகராதிகளில் எது தேறும்?

வேர்ச்சொல் தேடுகிறவர்களுக்கு இணையத்தில் இலவச அகராதிகளுக்குக் குறைவில்லை. எது தங்கம், எது முலாம் என்று அறிய, எல்லாவற்றையும் ஒரே சொல்லில் உரசிப் பார்ப்பதுதான் சுருக்கு வழி. அதற்கு வாகான சொல் கௌதேரே, 'மகிழ்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினை. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானிஷ், போர்ச்சுகீசியம், கத்தலான், ஆங்கிலம், ஜெர்மன் என்று இதன் வம்சம் பரந்து கிடக்கிறது. நாம் நாள்தோறும் சொல்லும் 'என்ஜாய்' கூட இந்த வகையறாதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தொடங்குவதற்கு ஆங்கில விக்சனரி என்ற கூட்டு அகராதி. லத்தீன் பொருளுக்கும் மேற்கோளுக்கும் லொகெயான் என்ற அகராதித் தளம். பிரெஞ்சுச் சொல் வரலாற்றுக்கு ட்ரெசோர் என்ற பேரகராதி. மூன்றுக்கும் காசு கிடையாது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மாணவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஒன்றை மட்டும் நம்பினால் எங்கேயாவது சறுக்கும். மற்றவை தேவைக்கேற்பத் திறக்க வேண்டியவை.

இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. முதல் சிக்கல் அதன் இறந்தகாலம். 'மகிழ்கிறேன்' என்பதற்கு கௌதெயோ. 'மகிழ்ந்தேன்' என்று ஆண் சொன்னால் காவீசுஸ் சும், பெண் சொன்னால் காவீசா சும். நிகழ்காலம் செய்வினை உருவத்தில் நிற்கிறது. இறந்தகாலம் செயப்பாட்டு உருவத்துக்குத் தாவுகிறது. பொருள் மட்டும் இரண்டிலும் செய்வினைதான். லத்தீன் இலக்கணத்தில் இதற்கு 'செமி டிப்போனன்ட்' என்று பெயர். ஔதெயோ (துணிகிறேன்), சொலெயோ (வழக்கமாகச் செய்கிறேன்), ஃபீதோ (நம்புகிறேன்) என்று இந்த வகை வினைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. ஒரு பாடத்தில் காவீசுஸ் என்று பார்க்கிற புதியவருக்கு, கௌதெயோ என்ற பதிவுக்குப் போக வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. உண்மையில் இரண்டுக்கும் அடி ஒன்றுதான். பழைய *காவிதெயோவில் (உடுக்குறி, எழுத்தில் கிடைக்காத ஊக வடிவத்துக்கு அடையாளம்) நடு இகரம் தேய்ந்து கௌதெயோ ஆயிற்று. காவீசுஸில் அந்த வகரம் அப்படியே தப்பிவிட்டது.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. வினைக்குப் பக்கத்திலேயே கௌதியும் (மகிழ்ச்சி) என்ற பெயர்ச்சொல் நிற்கிறது. இன்று புழங்கும் சொற்களில் சில வினையிலிருந்து வந்தவை, சில பெயரிலிருந்து வந்தவை, சில வேறு மொழி வழியாக இரவல் வந்தவை. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுகிற அகராதி நல்ல அகராதி. எல்லாவற்றையும் 'லத்தீனிலிருந்து வந்தது' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைப்பது வேர்ச்சொல் விளக்கமே ஆகாது.

ஆங்கில விக்சனரியில் தேடும்போது முதலில் செய்யும் தவறு கௌதேரே என்று தட்டுவது. லத்தீன் அகராதிகள் வினையைத் தன்மை ஒருமை நிகழ்கால வடிவத்தில் பதியும். ஆகவே தட்ட வேண்டிய எழுத்துகள் ஜி, ஏ, யூ, டி, இ, ஓ. நெடில் குறிக்கும் மேற்கோடு தேவையில்லை. பக்கத் தலைப்பில் கோடு இருக்காது, உள்ளே தலைச்சொல் வரியில் இருக்கும். பக்கம் திறந்ததும் வேர் விளக்கம், உச்சரிப்பு, பொருள், முழு வினை அட்டவணை, கடைசியில் வாரிசுப் பட்டியல் (இதிலிருந்து பிற மொழிகளில் வந்த சொற்கள்) என்று வரிசையாக வரும். வினை அட்டவணையில் செமி டிப்போனன்ட் என்பதைக் குறித்து, இறந்தகாலத்தைச் சரியாகக் கட்டித் தருகிறது.

இதன் உயிர்நாடி அந்த வாரிசுப் பட்டியல்தான். அதைப் படிக்கக் குறியீடுகள் தெரிந்திருக்க வேண்டும். குறி ஏதும் இல்லாமல் நிற்கும் சொல் தலைமுறை தலைமுறையாகப் பேச்சில் வந்தது. ஒற்றை அம்புக்குறி இருந்தால் இரவல். இரட்டைக் கோட்டு அம்பு இருந்தால் வழியில் உருவம் மாற்றிக் கட்டப்பட்டது. முன்னால் உடுக்குறி இருந்தால் எந்த எழுத்துச் சான்றிலும் கிடைக்காமல் அறிஞர்கள் மீட்டுருவாக்கியது. அம்பைக் கவனிக்காமல் படித்தால் பட்டியல் முழுவதுமே தப்பர்த்தமாகிவிடும்.

'ஜாய்' என்ற ஆங்கிலச் சொல்லை இந்தப் பக்கத்தில் தேடி ஏமாறாதீர்கள். அது வினையின் வாரிசு அல்ல. கௌதியும் என்பதன் பன்மை கௌதியா. பேச்சு லத்தீனில் இந்தப் பன்மையைப் பெண்பால் ஒருமை என்று எடுத்துக்கொண்டார்கள்; ஆகார ஈறு அப்படித்தான் காதில் விழுந்தது. அதுவே பிரெஞ்சில் ஜுவா. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு ஜாய். ஆகவே அதற்கு கௌதியும் பக்கத்தைத் திறக்க வேண்டும். வினைக்கு நேர்வழியில் பிறந்தவை இத்தாலியக் கோதேரே, பிரெஞ்சு ஜூயிர் போன்ற சிலதான். ருமேனியத்தில் இந்த வினை நிலைக்கவே இல்லை. 'மகிழ்' என்பதற்கு அங்கே புக்குரா என்று வேறொரு சொல் உட்கார்ந்துவிட்டது.

ஸ்பானிஷ் கோசார் (அனுபவித்தல்) வினையாக இருப்பதால் கௌதேரேயிலிருந்து நேரே வந்தது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். இல்லை. கௌதியும் என்ற பெயர்தான் ஸ்பானிஷில் கோசோ ஆயிற்று; கோசோவிலிருந்து ஸ்பானிஷ்காரர்கள் தாங்களாகவே கோசார் என்ற வினையை ஆக்கிக்கொண்டார்கள். ஸ்பெயின் அரச அகாதெமியின் இணைய அகராதி இதில் கச்சிதம்: கோசோவுக்கு 'லத்தீன் கௌதியும்' என்றும், கோசாருக்கு 'கோசோவிலிருந்து' என்றும் ஆளுக்கொரு வரி. அவ்வளவுதான். எந்த நூற்றாண்டில் வந்தது, வேறு கருத்து உண்டா என்றெல்லாம் அங்கே கேட்கக் கூடாது. அதற்கு கொரொமினெஸும் பஸ்குவாலும் ஆறு தொகுதிகளில் கொண்டுவந்த வேர்ச்சொல் அகராதிக்கு நூலகம் போக வேண்டும்.

விக்சனரியில் கோசோ தேடும்போது முதலெழுத்தைச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். அங்கே பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறு வேறு பக்கம். பெரிய எழுத்தில் தட்டினால் மால்டாவின் தீவு ஒன்று வந்து நிற்கும். அது நாம் தேடுவதல்ல. சிறிய எழுத்துப் பக்கத்திலும் ஸ்பானிஷ், போர்ச்சுகீசியம் எனப் பல மொழிகள் ஒரே பக்கத்தில் அடுக்கியிருக்கும். எந்த மொழியின் பகுதியில் நிற்கிறோம் என்று பார்த்துவிட்டுப் படிக்க வேண்டும். ஜெர்மன் கௌடிக்கு நேரெதிர்: ஜெர்மன் பெயர்ச்சொல் என்பதால் பெரிய எழுத்துதான். கௌதியும் என்ற லத்தீன் பெயரின் சுருக்கம் அது. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் கும்மாளம், கேளிக்கை என்ற பொருளில் இன்றும் சக்கைப்போடு போடுகிறது.

விக்சனரியின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததே: யாரும் திருத்தலாம். ஆகவே ஒரு பக்கத்தை நம்புமுன் கீழே சான்று நூல் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்கள். சான்றில்லாத வாரிசை வேறொரு அகராதியில் சரிபார்க்காமல் எடுத்தாளக் கூடாது. இணைப்பில்லாத இடத்தில் பயன்படுத்த கிவிக்ஸ் செயலியில் முழு விக்சனரியையும் இறக்கிக்கொள்ளலாம். பல ஜிபி இடம் பிடிக்கும், வைஃபையில் இறக்குவது நல்லது.

இரவல் எது, பரம்பரை எது என்பதைக் கண்டுபிடிக்க இத்தாலிய ஜோயாவைப் போல நல்ல சோதனைச் சொல் கிடைக்காது. இத்தாலியத்தில் கோதேரே (அனுபவித்தல்), ஜோயா (மகிழ்ச்சி) இரண்டும் உண்டு. ஒரே குடும்பம், ஆனால் ஒன்று க-வில் தொடங்குகிறது, மற்றது ஜ-வில். லத்தீனில் 'அ'வுக்கு முன் வரும் க ஒலி இத்தாலியத்தில் மாறாது; பிரெஞ்சில்தான் ஜ ஆகும். பிற்கால லத்தீன் கம்பா (கால்) இத்தாலியத்தில் இன்றும் கம்பா, பிரெஞ்சில் ஜாம்ப். அதன்படி கோதேரே சொந்த மண்ணில் விளைந்தது. ஜோயா அப்படி இருக்க வழியில்லை. ஆல்ப்ஸ் தாண்டி பிரெஞ்சிலிருந்து வந்திருக்க வேண்டும். ட்ரெக்கானி என்ற இத்தாலிய இணைய அகராதி அதைத்தான் சொல்கிறது: ஜோயா பிரெஞ்சு ஜுவாவிலிருந்து, கோதேரே நேரே லத்தீனிலிருந்து. இலவசம், விளம்பரத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டால் போதும். இத்தாலியத்துக்கு இதற்கு மேல் சாதாரண வாசகருக்குத் தேவையில்லை.

ஆங்கிலம் ஜுவாவைக் கடன் வாங்கிய காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முழு ஜ-வாகத்தான் உச்சரித்தார்கள், உயிரொலியும் 'ஒய்' மாதிரி இருந்தது. பிறகு பிரெஞ்சில் ஜ மென்மையாகிவிட்டது, 'ஒய்' என்பது 'வா' ஆகிவிட்டது. ஆங்கில 'ஜாய்' அந்தப் பழைய பிரெஞ்சு உச்சரிப்பை இன்றைய பிரெஞ்சைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறது.

லத்தீன் சொல் லத்தீனில் எப்படிப் புழங்கியது என்று பார்க்க லொகெயான் போதும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளம். கைபேசிச் செயலியும் உண்டு. ஒரு சொல்லைத் தட்டினால் பல அகராதிகளின் பதிவுகள் ஒரே இடத்தில் விரியும். எத்தனை தடவை வருகிறது, எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது, எந்தப் பாடநூலில் எந்தப் பாடத்தில் வருகிறது என்பதும் ஓரத்தில் கிடைக்கும். பாடம் நடத்துகிறவர்களுக்கு அந்த ஓரப் பகுதி ஒன்றுக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

அதில் முதுகெலும்பு 1879-இல் வந்த லூயிஸ்–ஷார்ட் அகராதி. ஷார்ட் 'அ' எழுத்தோடு நின்றுவிட்டார், மீதி முழுவதும் லூயிஸின் உழைப்பு. ஆகவே கௌதெயோ லூயிஸ் கைப்பட்டது. இந்தப் பதிவு நிதானமாகப் படிக்க வேண்டியது. எதனால் மகிழ்கிறோமோ அது ஆறாவதாக எண்ணப்படும் அப்லேட்டிவ் வேற்றுமையில் வரும். 'என்பதற்காக மகிழ்கிறேன்' என்றால் க்வொத் என்ற இணைப்புச் சொல் வரும். இப்படி ஒவ்வொரு அமைப்புக்கும் மேற்கோள் அடுக்கியிருக்கும். ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் 'இன் சினூ கௌதெயாந்த்' என்ற வரி அதில் ஒன்று. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மடிக்குள் மகிழட்டும்'; அதாவது வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளூரச் சந்தோஷப்படட்டும். ரோமானியக் கவிஞர் ஹொராஸ் ஒரு கடிதக் கவிதையில் கௌதேரே என்பதையே வணக்கம் சொல்லப் பயன்படுத்துகிறார். கிரேக்கர்கள் 'மகிழ்க' என்று சொல்லிக் கடிதம் தொடங்குவார்கள், அதை அப்படியே லத்தீனுக்குக் கொண்டுவந்தது அது. சிசரோ இன்னோரிடத்தில் 'கௌதேரே தகும், லைதாரி தகாது' என்கிறார். இரண்டுமே மகிழ்தல்தான்; ஆனால் ஸ்டோயிக் என்ற பண்டைய கிரேக்க–ரோமானியத் தத்துவத்தில் முன்னது அறிவுக்கு அடங்கிய நிதானமான மகிழ்ச்சி, பின்னது நிலைகொள்ளாமல் துள்ளுவது. இந்த நுணுக்கம் எந்தச் சிறு அகராதியிலும் கிடைக்காது.

குறை இல்லாமல் இல்லை. வேர் விளக்கம் 19-ஆம் நூற்றாண்டோடு நின்றுபோனது. கிரேக்க உறவுச் சொற்களைச் சரியாகவே காட்டினாலும், அதற்கு மேலே இந்தோ-ஐரோப்பிய மூலத்துக்குப் போகும்போது லூயிஸை விட்டுவிட்டு, 2008-இல் லைடனில் பிரில் வெளியிட்ட டி வானின் லத்தீன் வேர்ச்சொல் அகராதியைப் பார்க்க வேண்டும். விலை கையைச் சுடும். அச்சு உலகின் ஆக்ஸ்ஃபோர்ட் லத்தீன் அகராதி தரத்தில் மேல்தான். ஆனால் அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் நிறுத்திக்கொள்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்குப் பெயர் கொடுத்த 'கௌதேத்தே' (மகிழுங்கள்) பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பில் வருவது. கிறிஸ்தவ லத்தீன் படிக்கிறவர்களுக்கு லூயிஸ்தான் கைகொடுக்கும்.

வடிவம் தெரியாமல் நடுவழியில் மாட்டிக்கொண்டால் விட்டேக்கரின் 'வேர்ட்ஸ்' நிரல். விட்டேக்கர் 2010-இல் காலமாகிவிட்டார், நிரல் இன்னும் திறந்த மூலமாக உயிரோடு இருக்கிறது. கௌதெயாமுஸ் என்று தட்டினால் 'மகிழ்வோமாக' என்ற விருப்ப வடிவம் என்று பிரித்துச் சொல்லும். காவீசுஸ் என்று தட்டினால் கௌதெயோவுக்குக் கொண்டுபோய் விடும், செமி டிப்போனன்ட் என்றும் ஒட்டுக் குறிப்பு தரும். யூ, வி எழுத்துகளில் எதைப் போட்டாலும் பொறுத்துக்கொள்ளும். ஆபத்து வேறிடத்தில். சொல் கிடைக்காவிட்டால் முன்னொட்டு, பின்னொட்டு, ஒலிக்குறுக்கம் என்று தானாக ஊகித்து ஏதாவது ஒரு விடையைத் தந்துவிடும். எழுத்துப் பிழையோடு தட்டினால் இல்லாத சொல்லுக்கும் இலக்கணம் கிடைக்கும். பல விடைகள் வந்து குவிந்தால் முதலில் உங்கள் எழுத்துக்கூட்டைச் சரிபாருங்கள். நெடில் காட்டாது, வேரும் சொல்லாது. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ட்ரெசோர் 16 தொகுதிகளாக 1971 முதல் 1994 வரை வெளிவந்த பிரெஞ்சுப் பேரகராதி. நான்சி நகரில் இயங்கும் சி.என்.ஆர்.டி.எல். தளத்தில் முழுவதும் இலவசம். சொல்லைத் தட்டியதும் மேலே வரிசையாகத் தாவல்கள் வரும்; நேராக 'எத்திமொலொஜி' தாவலுக்குப் போய்விட்டால் முதல் சான்று எந்த ஆண்டு, எந்த நூல் என்பது வரை கிடைக்கும். ஜூயிர் பதிவில் பார்க்க வேண்டியது அந்த உடுக்குறி. செவ்வியல் லத்தீன் கௌதேரேயிலிருந்து ஜூயிர் வர முடியாது; ஈறு ஒத்துவராது. பேச்சு வழக்கில் *கௌதீரே என்று தே தீயாக மாறி, வினை இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்குக் கட்சி மாறியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கணித்தார்கள். உடுக்குறியை விட்டுவிட்டு *கௌதீரே லத்தீனில் இருந்தது என்று எழுதுவது வலைப்பதிவுகளில் அடிக்கடி காணும் பிழை.

மொழிபெயர்ப்பாளர்கள் ஜூயிர் பொருள் பகுதியையும் தவறாமல் படிக்க வேண்டும். 'நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார்', 'இந்த உரிமையை அனுபவிக்கிறார்' என்பதற்கெல்லாம் 'ஜூயிர் த' என்பது தூய நடை. அதன் பெயர் ஜூயிசான்ஸ் சட்டச் சொல். நம் கிரயப் பத்திரங்களில் 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று எழுதுகிறார்களே, அந்த அனுபவம். ஆனால் செயப்படுபொருள் இல்லாமல் வெறுமனே 'ஜூயிர்' என்றால் கேட்கிறவர் காதில் பாலுறவு இன்பம்தான் விழும். 'மகிழ்ச்சியடைகிறேன்' என்பதற்கு 'ஸ ரெஜூயிர்' என்ற வினையைப் போடுங்கள், வம்பில்லை. போர்ச்சுகீசியக் கோசாரிலும் இதே கண்ணி உண்டு, கூடவே 'கேலி செய்தல்' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தாலியக் கோதேரேயையும் தனியே விடாமல் இன்னதை அனுபவிக்கிறோம் என்று சேர்த்துச் சொல்வது நல்லது. சிசரோ கண்ட நிதானம் எங்கே, வாரிசுகளின் போக்கு எங்கே!

ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் என்றால் எட்டிமான்லைன் என்ற இணைய வேர்ச்சொல் அகராதி வசதி. டக்ளஸ் ஹார்ப்பர் தனி மனிதராகத் தொடங்கியது. படிக்கச் சுகமான நடை. என்ஜாய், ரீஜாய்ஸ், ஜாய் மூன்றையும் ஒழுங்காகக் கோக்கிறது. என்ஜாய் தொடக்கத்தில் செயப்படுபொருள் இல்லாமல் 'மகிழ்' என்றே வழங்கியது. 'நல்லா என்ஜாய் பண்ணு' என்று நாம் நிறுத்திக்கொள்வது அந்தப் பழைய பயன்பாட்டுக்குக் கிட்டத்தில் இருப்பது தற்செயல்தான். இந்தத் தளம் மூல வேரை *கௌ என்று எளிமையாகத் தரும். விக்சனரியில் எண்ணும் குறியும் சேர்ந்த நீளமான வடிவம் இருக்கும். இரண்டும் ஒன்றே, எழுதும் முறைதான் வேறு. குழம்ப வேண்டாம்.

ஒரு அகராதி நேர்மையானதா என்று பார்க்க, நம் ஊரிலும் புழங்கும் இரண்டு சொற்களை அதில் தேடுங்கள்: ஜாலி, ஜுவல். ஜாலி பழைய பிரெஞ்சு வழியாக வந்தது வரை உறுதி. அதற்கு மேலே வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியின் குளிர்காலத் திருவிழாப் பெயரா, கௌதேரேயா என்பது தீராத வழக்கு. ஜுவலும் அப்படித்தான். விளையாட்டைக் குறிக்கும் லத்தீன் இயோக்குஸ் ஒரு கட்சி, கௌதியும் இன்னொரு கட்சி. இரண்டு பக்கத்தையும் சொல்கிற அகராதியை வைத்துக்கொள்ளுங்கள்; ஒரே வரியில் அடித்துச் சொல்கிறதைத் தள்ளுங்கள். ஜாய்ஸ் என்ற ஆட்பெயரை இந்தக் குடும்பத்தில் சேர்க்கிற பெயர்ப் பட்டியல் தளங்களைப் பக்கத்திலேயே அண்ட விடாதீர்கள். அது பிரெத்தான் மொழிப் பெயர் ஒன்றிலிருந்து வந்தது.

கத்தலானுக்கு அல்கொவேர்–மோல் அகராதியின் பத்துத் தொகுதிகளும் இணையத்தில் இலவசம். கோச் (மகிழ்ச்சி) என்ற பதிவில் மரியாளின் மகிழ்ச்சிகளைப் பாடும் 'கோச்ஸ்' என்ற பக்திப் பாடல் வகையும் சேர்ந்து கிடைக்கும்.

ஆய்வு அளவுக்குப் போகிறவர்களுக்கு வார்ட்புர்க்கின் 25 தொகுதி பிரெஞ்சு வேர்ச்சொல் அகராதி. பிரெஞ்சுச் சொல்லைக் கொண்டு நேராகத் தேட வசதியில்லை. லத்தீன் மூலத்தைக் கொண்டுதான் அடுக்கியிருக்கிறார்கள். கௌதேரே, கௌதியும் இரண்டும் நான்காம் தொகுதியில். பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். விளக்கம் ஜெர்மனில், வட்டாரப் பெயர்களும் நூற்பெயர்களும் முழுக்க முழுக்கச் சுருக்கக் குறிகளில். சுருக்கங்களை விளக்கும் துணைத் தொகுதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். இல்லாவிட்டால் முதல் பத்தியைத் தாண்ட மாட்டீர்கள்.